புகை கிளம்பும்போதே தெரிகிறது

1997 செப்டம்பரில் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்களிடம் புகைமூட்டத்தை அளக்க இருந்த ஒரே கருவி கண்தான். வேலைக்குக் கிளம்புமுன் ஜாலான் துன் சம்பந்தன் ஓரம் நின்று வடகிழக்கே பார்ப்பார்கள். கோலாலம்பூர் கோபுரத்தின் தலை தெரிந்தால் நாள் பரவாயில்லை. கோபுரமே காணவில்லை என்றால் சன்னலைச் சாத்து, துணியை உள்ளே காயப்போடு, இளைப்பு உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதே. பட்டப்பகலில் கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின. புகை எங்கிருந்து வருகிறது, இன்றைக்கு வந்தது நாளைக்கும் இருக்குமா, பின்னால் இன்னும் எவ்வளவு வந்துகொண்டிருக்கிறது என்று கேட்டால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. மழை வந்தால் போய்விடும் என்பார்கள். மழை வரவில்லை. அது எல் நினோ ஆண்டு.

கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் புகை புதிதல்ல. மறுநடவுக் காலத்தில் வயதான பால்மரங்களை வெட்டிச் சாய்த்து, வெயிலில் காயவிட்டு, கொளுத்துவது ஒரு காலத்தில் சாதாரண வேலை. அந்தப் புகைக்கு முகவரி இருந்தது. எந்தத் தோட்டம், எந்தப் பகுதி, எந்த மண்டோர் பொறுப்பு என்று லயத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். சில நாளில் அடங்கிவிடும். 1997-இல் வந்தது முகவரி இல்லாத புகை. வாரக்கணக்கில் நின்றது. விறகு எரியும் வாடை அதில் இல்லை. ஈர மண் கருகும் கனத்த வாடை இருந்தது.

உண்மையில் எரிந்தது மண்தான். சுமத்ராவின் கிழக்குக் கரையிலும் கலிமந்தானிலும் பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்து கிடக்கும் கம்புட் மண், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறி, முழுதாக மட்காமல் தங்கிப்போன இலையும் வேரும் மரமும். கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் அது விறகாகிவிடும். மேலே வைத்த தீ கீழே இறங்கி, சுடர் இல்லாமல், மாதக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்கப் போகிறோம் என்று இந்தோனேசிய அரசு தொண்ணூறுகளின் நடுவில் வெட்டிய கால்வாய்கள் அந்த வேலையைச் செய்தன. அந்த ஓராண்டு இந்தோனேசியத் தீயில் வெளியேறிய கரிமம் 81 கோடி டன்னிலிருந்து 257 கோடி டன்வரை இருக்கலாம் என்று சூசன் பேஜும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002-இல் கணக்கிட்டார்கள். உலகம் முழுக்க நிலக்கரியும் எண்ணெயும் எரித்து ஓராண்டில் வெளியிடும் கரிமத்தில் 13 முதல் 40 விழுக்காட்டுக்குச் சமம்.

1997-இன் அந்தச் செப்டம்பரில் சரவாக்கில் அவசரநிலை. கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800-ஐத் தாண்டியது. 300-க்கு மேல் போனாலே அபாயம் என்று வகுத்த அளவுகோல் அது. மேடான் அருகே கருடா விமானம் விழுந்து 234 பேர் மாண்டார்கள். மலாக்கா நீரிணையில் போர்ட் டிக்சனுக்கு அப்பால் 'ஐசிஎல் விக்ரமன்' என்ற இந்தியச் சரக்குக் கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. மாலுமிகளில் 29 பேர் காணாமல் போனார்கள். எதிரே வருவது தெரியாத நாட்கள் அவை.

ஆனால் அன்றே வானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கண்கள் இருந்தன. அமெரிக்காவின் நோவா வானிலைச் செயற்கைக்கோள்கள் பூமியை வடக்கும் தெற்குமாகச் சுற்றி வரும்போது, 3.7 மைக்ரான் அலைநீளத்தில் வெப்பத்தைப் பதிவு செய்தன. சுற்றியுள்ள நிலத்தைவிட அந்த அலைநீளத்தில் தீ மிகப் பளிச்சென்று தெரியும். படத்தின் ஒரு புள்ளி 1.1 கிலோமீட்டர் சதுரம். தோட்டக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 300 ஏக்கருக்கு ஒரு புள்ளி. ஓசோனை அளப்பதற்காக 1996-இல் நாசா ஏவிய இன்னொரு கோளில் இருந்த டாம்ஸ் கருவி, புற ஊதாக் கதிரைப் புகை உறிஞ்சுவதைக் கண்டுபிடித்து, இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல்மேல் நீண்டு கிடந்த புகைப் போர்வையை முழு அளவில் காட்டியது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கிரிஸ்ப் மையம் பிரெஞ்சு ஸ்பாட் கோளின் 20 மீட்டர் படங்களில், எந்தக் காட்டு ஓரத்திலிருந்து, எந்தப் புதுத் தோட்டத்தின் நேர்கோட்டு எல்லையிலிருந்து புகை எழுகிறது என்று பார்த்தது. ஏழை விவசாயி குடிசையோரம் கொளுத்துகிறான் என்ற பழைய பேச்சு அந்தப் படங்களின் முன் நிற்கவில்லை. செயற்கைக்கோள் தகவல்களை வைத்து இந்தோனேசிய அரசே 176 நிறுவனங்களின் பெயர்ப் பட்டியலை அந்தச் செப்டம்பரில் வெளியிட்டது.

இவ்வளவும் நடந்தது சில அறைகளுக்குள். பிரிக்ஃபீல்ட்ஸில் கோபுரத்தைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு அந்தப் படம் வந்து சேரவில்லை. சேரக்கூடாது என்ற எண்ணமும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1997 நவம்பரில் மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புகைமூட்டம் பற்றிப் பொதுவில் பேச வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டார்கள். 1999-லிருந்து காற்றுக் குறியீட்டின் எண்களை அரசு வெளியிடுவதே நின்றது. சுற்றுலாப் பயணிகள் பயந்துவிடுவார்கள் என்பது காரணம். காற்று நன்றாக இருக்கிறதா, மோசமாக இருக்கிறதா என்ற சொல் மட்டும் கிடைக்கும், எண் கிடையாது. ஆறு ஆண்டுகள், தான் மூச்சில் இழுப்பது எவ்வளவு கெட்டது என்பது கிள்ளான் தாய்க்கு அரசு ரகசியம். இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தத் தடை 2005 ஆகஸ்டில் உடைந்தது. உடைத்தது புகையேதான். தென்மேற்குக் காற்று சுமத்ராவின் ரியாவ் மாநிலப் புகையை நேராக நீரிணைக்கு மேலே தள்ளிக்கொண்டு வந்தது. மறைக்க முடியாத அளவுக்கு நகரம் மூழ்கியபோது எண்களை வெளியிட அரசு ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் 11 அன்று போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500-ஐத் தாண்ட, இரண்டு இடங்களிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கிள்ளான்காரர்கள் அன்றைக்குத்தான் தங்கள் ஊர்க் காற்றின் எண்ணை முதல்முறை இவ்வளவு பெரிதாகக் கேட்டார்கள்.

வரைபடத்தில் ஒரு விஷயத்தைப் பார்த்தால் கிள்ளான் ஏன் முதலில் அடிபடுகிறது என்பது விளங்கும். ரியாவின் துறைமுக நகரமான டுமாய், கிள்ளானுக்கு நேர் தெற்கே, சுமார் 150 கிலோமீட்டரில் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து ஈப்போ போவதைவிடக் கிட்டம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால்கூடக் காலையில் அங்கே எழும் புகை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் இங்கே இருக்கும்.

இந்தப் பத்து மணி நேரம்தான் அன்றுக்கும் இன்றுக்கும் உள்ள வேறுபாடு. அன்று அது இருட்டு. இன்று அந்தப் பத்து மணி நேரத்தையும் ஒரு சாதாரணக் கைப்பேசியில் பார்க்கலாம்.

மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1999 டிசம்பரில் டெர்ரா, 2002 மே மாதம் அக்குவா என்று நாசா ஏவிய இரு கோள்களில் மோடிஸ் கருவி இருந்தது. காலை பத்தரைக்கு ஒன்று, மதியம் ஒன்றரைக்கு ஒன்று, இரவிலும் அதேபோல் என்று தலைக்கு மேலே கடந்தன. 2011-இல் ஏவிய சுவோமி கோளும், பின்னால் வந்த நோவா-20-உம் புள்ளியை 375 மீட்டராகச் சுருக்கின. 300 ஏக்கருக்கு ஒன்று என்றிருந்தது 35 ஏக்கருக்கு ஒன்றாயிற்று. தீப் புள்ளிகளைச் சில மணி நேரத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி நாசாவின் ஃபர்ம்ஸ் தளம் தருகிறது. 1993-இலிருந்து சிங்கப்பூரில் இயங்கும் ஆசியான் வானிலை மையம் நாள்தோறும் புகை வரைபடம் போடுகிறது. ஆனால் என்னைக் கேட்டால் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு மிகப் பெரிய கொடை ஜப்பானின் ஹிமாவாரி-8 தான். 2014 அக்டோபரில் ஏவி, 2015 ஜூலை 7-இல் பணிக்கு வந்தது. இரண்டே மாதத்தில் நாடு 1997-க்குப் பிறகு கண்ட மிக நீண்ட புகைமூட்டம். கோலாலம்பூர் மாரத்தான் ரத்தாகி, பள்ளிகள் திரும்பத் திரும்ப மூடப்பட்ட அந்த அக்டோபரில், புகை நகர்வதைப் பத்து நிமிடத்துக்கு ஒரு படமாகப் பார்க்க முடிந்தது. இப்போது அதன் இடத்தில் ஹிமாவாரி-9 இருக்கிறது. நியூகினித் தீவுப் பக்கம், நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுழன்று ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கோள் அது.

அந்தப் படத்தைப் படிப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும், ஆனால் சொல்லிக்கொடுப்பவர் குறைவு. முதலில் மேகத்தையும் புகையையும் பிரிக்க வேண்டும். மேகம் வெள்ளை, விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும், பத்து நிமிடத்தில் உருவம் மாறும். புகை நீலம் கலந்த சாம்பல் நிறம். கருங்கல்லில் திருநீற்றுக் கையைத் தேய்த்ததுபோல் விளிம்பில்லாமல் படர்ந்து, அடியில் உள்ள கடற்கரைக் கோட்டை மங்கலாகக் காட்டிக்கொண்டே இருக்கும். சந்தேகம் வந்தால் அகச்சிவப்புப் படத்துக்கு மாற்றிப் பாருங்கள். மேகம் அதிலும் நிற்கும். புகை மறைந்துவிடும், அதன் துகள் மிக நுண்ணியது, வெப்பக் கதிர் அதை ஊடுருவிப் போய்விடுகிறது. அடுத்து, நேரம். ஹிமாவாரி நமக்குக் கிழக்கே இருக்கிறது. மாலையில் சூரியன் மேற்கே சாயும்போது ஒளி புகையின் ஊடாகப் பாய்ந்து கோளின் கண்ணை நோக்கிச் சிதறும். நண்பகலில் கண்ணுக்கே படாத மெல்லிய புகைகூட ஐந்து, ஆறு மணிப் படத்தில் துலங்கிவிடும். நீரிணைக்கு மேலே அப்படி ஒரு நாக்கு நீண்டு கிடந்தால், அதன் அடியைத் தேடித் தெற்கே போங்கள். பெரும்பாலும் அடியில் ஃபர்ம்ஸ் புள்ளிகள் குவிந்திருக்கும். அவற்றில் டுமாய்ப் பக்கம் நாள்தோறும் ஒரே இடத்தில் விழும் புள்ளியைக் கழித்துவிடலாம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் தீச்சுடராக இருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் மாலை கட்டி விற்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். 2023 அக்டோபரில் வானம் மங்கியபோது என்னைப் பார்த்ததும் கைப்பேசியை நீட்டினார். "இங்க பாருங்க தம்பி, பலெம்பாங் பக்கம் எரியுது. காத்து நம்ம பக்கம்தான். நாளைக்கு மல்லிய கம்மியாத்தான் எடுக்கணும், சனம் வராது." வரைபடத்தில் தென்சுமத்ராவில் சிவப்புப் புள்ளிகள் கொத்தாக இருந்தன. அவர் நிற்கும் இடத்திலிருந்து கோலாலம்பூர் கோபுரத்தை இப்போது உயர்ந்த கட்டடங்கள் மறைத்துவிட்டன. அவர் அதைத் தேடவும் இல்லை.

இந்தப் பொதுவெளிதான் அரசுகளின் பேச்சையும் மாற்றியது. 2019 செப்டம்பரில் புகை எங்கள் நாட்டிலிருந்து மட்டும் வரவில்லை என்று இந்தோனேசிய அமைச்சர் சித்தி நுர்பாயா சொன்னபோது, மலேசிய அமைச்சர் இயோ பீ இன் ஆசியான் வானிலை மையத்தின் அன்றைய கணக்கை எடுத்து வைத்தார்: கலிமந்தானில் 474 தீப் புள்ளிகள், சுமத்ராவில் 387, மலேசியாவில் 7. 1997-இல் ஆய்வாளர்களைப் பேச வேண்டாம் என்ற நாட்டின் அமைச்சர், 22 ஆண்டுகளில், தரவே பேசட்டும் என்று சொல்லும் இடத்துக்கு வந்திருந்தார். அதே மாதம் இந்தோனேசியா முத்திரை வைத்து மூடிய தோட்டங்களில் மலேசிய நிறுவனங்களுக்குச் சொந்தமானவையும் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புள்ளி விழுந்த மண் அவர்களுடையது, முதலீடு நம்முடையது என்றால் புகை யாருடையது? சிங்கப்பூர் 2014-இல் போட்ட சட்டம் இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது. ஒரு நிறுவனத்தின் நிலத்தில் தீ இருந்து, அந்தப் புகை சிங்கப்பூரை நோக்கி வந்ததைச் செயற்கைக்கோளும் காற்றுத் தகவலும் காட்டினால், அந்த நிறுவனமே காரணம் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது நிறுவனத்தின் பொறுப்பு. மலேசியாவில் இப்படி ஒரு சட்டம் 2019-இல் பேசப்பட்டது, 2020-இல் கைவிடப்பட்டது. கைவிட்டது தவறு என்றே நினைக்கிறேன். பார்க்கும் வசதி இல்லாத காலத்தில் சட்டம் இல்லாததற்கு ஒரு சமாதானம் இருந்தது.

மலேசியாவுக்கான அந்த 7 என்ற எண்ணையும் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. கிள்ளானுக்குத் தெற்கே ஜொஹான் செத்தியா என்று ஓர் இடம். அடியில் கம்புட் மண். மேலே சிறு சிறு காய்கறித் தோட்டங்கள், குப்பைமேடுகள். காய்ந்த மாதங்களில் அங்கே மண் கனல்வது ஆண்டுதோறும் நடப்பது. காற்றுத் தரத்தை அளக்க அந்த இடத்துக்கென்றே தனி நிலையம் வைத்திருக்கிறார்கள். 2019-இல் அதன் எண் 200-ஐத் தாண்டியது. சிலாங்கூரின் வடக்கே ராஜா மூசா காட்டிலும் இதே கதை. நாற்பது ஐம்பது பேர் குடியிருக்கும் ஒரு தாமானுக்குப் பின்னால் கனலும் சில ஏக்கர் மண், 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது. 375 மீட்டர் கண்ணுக்கும் சுடர் இல்லாத கனல் பல நேரம் தப்பிவிடும். ஆனால் மூச்சுக்குத் தப்பாது. சுமத்ராவின் புள்ளிகளை எண்ணத் தெரிந்துகொண்ட நாம், ஐரோப்பிய சென்டினல்-2 கோளின் 10 மீட்டர் படத்தை ஜொஹான் செத்தியாவின்மேல் நகர்த்திப் பார்ப்பதில்லை. பார்த்தால் கருகிய திட்டுகள் தெரியும், வெட்டிய கால்வாய்கள் தெரியும். திறந்தவெளி எரிப்புக்கு எதிரான சட்டம் 1998-இலிருந்தே கடுமையானது. அதற்குச் சான்று கொடுப்பதற்கு வழி இப்போது இருக்கிறது.

வானத்துக் கண்ணுக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். மேகம் மூடினால் அடியில் தீ இருந்தாலும் புள்ளி விழாது. அடர்ந்த புகையே சில நேரம் தீயை மறைத்துவிடும். ஆகவே புள்ளிகள் குறைந்தன என்ற செய்தி எப்போதும் நல்ல செய்தி அல்ல. கோள் பார்ப்பது தரையிலிருந்து உச்சிவரை உள்ள புகை முழுவதையும். அது தலைக்கு மேலே இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் போகிறதா, மூக்கு மட்டத்தில் இருக்கிறதா என்று மேலிருந்து எடுத்த ஒரு படம் சொல்லாது. சூரியன் மறைந்தால் புகைப் படமும் நின்றுவிடுகிறது; நிலா வெளிச்சத்தில் எடுக்கும் படங்கள் உண்டு, ஆனால் நாள்தோறும் நிலா இல்லை. நிலா இல்லாத இரவில் தீயைப் பார்க்க முடிகிற கோள்களால் புகையைப் பார்க்க முடிவதில்லை. அதனால்தான் தரையில் உள்ள நிலையங்களை விட்டுவிட முடியாது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்தச் சேர்த்துப் படித்தல்தான் அரசு அலுவலகத்தில் இன்னும் நடக்கவில்லை. 2018-இலிருந்து ஐபியு என்ற நம் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டுக் கணக்கில் 2.5 மைக்ரானுக்குக் குறைந்த நுண்துகளும் சேர்ந்தது. பெரிய முன்னேற்றம், ஏனென்றால் நுரையீரலின் அடிவரை இறங்குவது அதுதான். 2015-இன் புகையால் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றிலும் சேர்த்து 1,00,300 பேர் முன்கூட்டியே இறந்திருக்கலாம், அவர்களில் 6,500 பேர் மலேசியர் என்று ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கணக்கிட்டது அந்த நுண்துகளை வைத்துத்தான். ஆனால் துகளுக்கு ஐபியு காட்டும் எண், கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. மாலையில் புகை வந்து இறங்கினால், காலையில் இருந்த நல்ல காற்றும் கணக்கில் சேர்ந்து எண்ணைக் கீழே இழுத்து வைத்திருக்கும். ஐபியு 200-ஐத் தாண்டினால் பள்ளியை மூடு என்பது விதி. கிள்ளானில் பிள்ளைகள் இருட்டோடு எழுந்து ஏழரைக்கெல்லாம் திடலில் வரிசையில் நிற்கிறார்கள். எண் 200-ஐ எட்டுவதற்குள் அவர்கள் இரவு முழுக்கவும் காலை ஓய்வுவேளை வரையும் அந்தக் காற்றை இழுத்து முடித்திருப்பார்கள்.

முந்தின நாள் மாலை ஆறு மணிப் படத்தில் அந்தப் புகை நீரிணைக்கு மேலே இருந்திருக்கும். எந்தப் பக்கம் நகர்கிறது என்று முந்தைய ஒரு மணி நேரத்தின் ஆறு படங்களை ஓட்டினால் தெரியும். ஜொஹான் செத்தியா நிலையத்தின் அந்த மணி நேர அளவையும் பக்கத்தில் வைத்தால், மறுநாள் திடலில் பிள்ளைகளை நிறுத்தலாமா என்பதை இரவு எட்டு மணிக்குள் ஒரு மாவட்டக் கல்வி அதிகாரி முடிவு செய்து, பெற்றோரின் கைப்பேசிக்கு அனுப்பிவிடலாம். இதற்குப் புதிய கோள் தேவையில்லை, புதிய பணமும் தேவையில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் தொடங்குகிறது. கல்வி இலாகா அதற்குள் இந்த ஒரு விதியை மாற்றி எழுத வேண்டும்.